சுளகில் மணல் பரப்புவோம்: வாசிக்கத் திணறும் பிள்ளைகளுக்காக

கல்வியே எமது முதுசொம் என்று சொல்லிக்கொள்வதில் யாழ்ப்பாணத்தவராகிய நாம் பெருமை கொள்பவர்கள். காணி போனாலும், வீடு இடிந்தாலும், தோட்டம் பற்றையானாலும் பிள்ளையின் படிப்பு மட்டும் குழம்பக்கூடாது என்று வாழ்ந்தவர்கள் எமது பெற்றோர். இந்தப் பெருமையில் பொய்யில்லை. ஆனால் இதன் நிழலில் ஒரு தொகைப் பிள்ளைகள் நெடுங்காலமாகச் சத்தமின்றி நிற்கிறார்கள். ஆறாம், ஏழாம், எட்டாம் தரங்களில் இருந்துகொண்டு, தாய்மொழியில் ஒரு வரியை எழுத்துக்கூட்டியேனும் வாசிக்க முடியாத பிள்ளைகள் அவர்கள்.

இவர்கள் இருப்பது எவருக்கும் தெரியாத செய்தியல்ல. வகுப்பாசிரியருக்குத் தெரியும், தாய்க்குத் தெரியும், பக்கத்து வாங்கில் இருக்கும் தோழனுக்கு எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை முடிவுகள் வந்ததும், வெட்டுப்புள்ளிக்கு மேல் எடுத்தவர்களின் படங்கள் பதாகைகளாகத் தொங்குகின்றன. அதே மண்டபத்தில் வினாத்தாளை வாசிக்க முடியாமலே கையில் வைத்திருந்துவிட்டு எழுந்து வந்த பிள்ளையைப் பற்றி எந்தப் பதாகையும் பேசுவதில்லை. அவன் அடுத்த வருடம் ஆறாம் தரத்திற்கு ஏற்றப்படுகிறான். அங்கே விஞ்ஞானம், வரலாறு, சுகாதாரம் என்று பாடங்கள் பெருகுகின்றன. வாசிக்கத் தெரியாதவனுக்கு அவையெல்லாம் ஒரே பாடந்தான்.

கரையோரக் கிராமங்களிலும் உட்கிராமங்களிலும் மாலை நேர வகுப்புகளோடு தொடர்புபட்டிருக்கும் நாம், இப்பிள்ளைகளின் முகங்களை அறிவோம். கரும்பலகையில் இருப்பதை முத்து முத்தாகப் பார்த்து எழுதுவார்கள். எழுதியதை வாசிக்கச் சொன்னால் தலை குனிவார்கள். பிறர் வாசிக்கக் கேட்டுப் பாடத்தை மனனம் செய்து, புத்தகத்தை விரித்து வைத்து வாசிப்பது போல ஒப்புவிப்பார்கள். பக்கத்தைப் புரட்ட மறந்துபோகும்போதுதான் விடயம் வெளிப்படும். இவ்வளவு தந்திரம் தெரிந்த பிள்ளையை ‘மொக்கன்’ என்று அழைப்பது எவ்வளவு பெரிய அநியாயம்!

1997ஆம் ஆண்டின் பிரமாணங்களின்படி 5 முதல் 14 வயது வரை பாடசாலைக்கல்வி கட்டாயமாக்கப்பட்டது. 2016இல் அந்த எல்லை 16 வயதாக உயர்த்தப்பட்டது. நல்ல காரியம். ஆனால் சட்டம் பிள்ளையை வாங்கில் இருத்தலாமேயன்றி வாசிக்க வைக்காது. பத்து வருடங்கள் வகுப்பறையில் அவமானத்தைச் சுமந்துவிட்டு, மருந்துப் போத்தலில் ஒட்டியிருக்கும் துண்டையும், வங்கிப் படிவத்தையும், கடன் ஒப்பந்தத்தையும் வாசிக்கத் தெரியாமல் வெளியேறும் ஓர் இளைஞனை நாம் சமூகத்திற்கு அனுப்பி வைக்கிறோம். கிராம அபிவிருத்தி பற்றி நாம் எத்தனை கருத்தரங்குகள் நடத்தினாலும், அந்த இளைஞன் பிறர் சொல்வதை நம்பிக் கைநாட்டு வைக்கும் நிலையிலேயே இருப்பான்.

காரணங்கள் பல

வறுமை ஒரு காரணம். இடப்பெயர்வு இன்னொரு காரணம். 1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சிக்கும் வடமராட்சிக்கும் நடந்து போனார்கள். அன்று மரநிழல்களிலும் கொட்டில்களிலும் அரைகுறையாக எழுத்துப் பழகிய பிள்ளைகள் இன்று தாய் தந்தையர். தம் பிள்ளைக்கு வீட்டில் சொல்லிக் கொடுக்க அவர்களிற் பலருக்கு இயலவில்லை. பின்னர் 2020, 2021ஆம் ஆண்டுகளில் கொரோனாத் தொற்றினால் பாடசாலைகள் மாதக்கணக்கில் மூடப்பட்டன. எழுத்துப் பழகும் வயதில் அரிவரியைத் தவறவிட்ட பிள்ளைகள் மேல் வகுப்புகளுக்கு ஏறிவிட்டார்கள்.

ஆனால் இவை மட்டுமே காரணமல்ல. போரும் வறுமையும் இல்லாத நாடுகளிலும் வாசிக்கத் திணறும் பிள்ளைகள் இருக்கிறார்கள். 1896இல் பிரிங்கிள் மோர்கன் என்ற ஆங்கிலேய வைத்தியர் 14 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதினார். கெட்டிக்காரன், விளையாட்டில் சூரன், கண்பார்வையில் குறையில்லை. ஆனால் வாசிப்பு மட்டும் வரவில்லை. பாடங்கள் எல்லாம் வாய்மொழியாகவே நடந்தால் பாடசாலையிலேயே முதலாவதாக வருவான் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னாராம். எழுத்தையும் ஒலியையும் இணைக்கும் வேலை சில பிள்ளைகளின் மூளைக்கு இயல்பாகவே கடினமாக இருக்கிறது என்பது இன்று நன்கு தெரிந்த விடயம். டிஸ்லெக்சியா என்று அதற்குப் பெயரிட்டிருக்கிறார்கள். அது புத்திக்குறைவு அல்ல, சோம்பலும் அல்ல, தாயின் வளர்ப்புப் பிழையும் அல்ல.

தமிழ் இலகுவானதா?

‘ஆங்கிலத்தைப் போல அல்ல, தமிழை எழுதியபடியே வாசிக்கலாம், இதில் என்ன கஷ்டம்?’ என்று கேட்போர் உண்டு. ஓரளவுக்கு உண்மைதான். ஸ்பானிய மொழியும் அவ்வாறே எழுதியபடி வாசிக்கப்படுவது. இத்தகைய மொழிகளில் திணறும் பிள்ளை பெரும்பாலும் பிழையாக வாசிப்பதைவிட மிக மெதுவாக வாசிப்பான். வரியின் கடைசிச் சொல்லை எட்டுமுன் முதற் சொல் மறந்துபோகும். தமிழில் இதற்கு மேலும் சில சிக்கல்கள் உண்டு.

முதலாவது, எழுத்துக்களின் தொகை. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என 247. கால், கொம்பு முதலிய குறிகளைப் பிடித்துக்கொண்டால் பலவற்றை ஒழுங்காகக் கட்டலாம். ஆனால் உகர, ஊகார வரிசைகளின் 36 எழுத்துக்களுக்கு ஒரே குறி இல்லை. கு, சு, து, மு என ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக வளையும்.

இரண்டாவது, கண் போகும் வழியும் நாக்குப் போகும் வழியும் வேறு. ‘கொடி’ என்பதில் கண் முதலில் காண்பது கொம்பு, பிறகு ககரம், பிறகு கால். நாக்கு முதலில் சொல்வதோ ககர ஒலியை. பெரியவர்களாகிய நமக்கு இது பழகிப்போனது. புதிதாகக் கற்கும் பிள்ளைக்கு இது பெரிய புதிர்.

மூன்றாவது, எமது பேச்சு. பழத்தைப் ‘பளம்’ என்றுதான் நம்மில் பலர் உச்சரிக்கிறோம். பிள்ளையும் அப்படியே எழுதுகிறது. நாம் சிவப்பு மையால் கோடு இழுக்கிறோம். ‘வாறன்’ என்று பேசும் பிள்ளை ‘வருகிறேன்’ என்பதை அச்சில் காண்கிறது. ‘ரயர்’ என்று நாம் எழுதுகிறோம். முதல் ரகரத்துக்கு ஓர் ஒலி, கடைசி ரகரத்துக்கு வேறோர் ஒலி. ‘ரீச்சர்’ என்ற சொல்லும் அப்படியே. தன் ஆசிரியையை அழைக்கும் சொல்லையே எழுத்துக்கூட்டி வாசிக்க முடியாமல் பிள்ளை திகைத்தால் யாரைக் குறை சொல்வது?

இவற்றுக்கு மேலாக நாம் எழுத்துக்களின் பெயர்களை முதலில் பாடமாக்குகிறோம். ஆனா, ஆவன்னா, ஈனா, ஈயன்னா என்று பிள்ளை பாட்டாகச் சொல்லும். நடுவில் ஓர் எழுத்தைத் தொட்டுக் கேட்டால், முதலில் இருந்து பாடி வந்தால்தான் அந்த இடத்துக்கு வரும். ‘பானா, டானா’ என்று சொல்லத் தெரிந்த பிள்ளைக்குப் ‘படம்’ என்ற சொல் பிறப்பதில்லை. வாசிப்புக்கு வேண்டியது எழுத்தின் ஒலி, பெயர் அல்ல.

மணல் போன வழி

கண், காது, வாய், கை ஆகிய எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஈடுபடுத்தி எழுத்தைக் கற்பிப்பதே நாம் இங்கு பரிந்துரைக்கும் முறை. இதைப் பல்புலன்வழிக் கற்பித்தல் என்று சொல்லலாம். 1920களில் அமெரிக்காவில் சாமுவேல் ஓர்ட்டன் என்ற நரம்பியல் வைத்தியர் வாசிக்கத் திணறும் பிள்ளைகளை ஆராய்ந்தார். அவரோடு பணியாற்றிய அன்னா கில்லிங்ஹாம் என்ற கல்வியாளர் 1930களில் அதைப் படிமுறையான பாடங்களாக வகுத்தார். அதற்கு முன்னரே, 1907இல் உரோமை நகரின் ஏழைக் குடியிருப்பு ஒன்றில் பிள்ளைகள் இல்லத்தைத் தொடங்கிய மரியா மொன்ரிசோரி அம்மையார், சொரசொரப்பான கடதாசியில் எழுத்துக்களை வெட்டி ஒட்டி, பிள்ளைகளை விரலால் தடவச் செய்தார். 1939இல் சென்னை அடையாறுக்கு வந்த அவர், உலகப் போர் காரணமாக 1946 வரை இந்தியாவில் தங்கி நூற்றுக்கணக்கான ஆசிரியர்களைப் பயிற்றினார்.

எனினும் இது மேல்நாட்டார் நமக்குக் கொண்டுவந்து தந்த புதுமை என்று எண்ணவேண்டாம். எமது திண்ணைப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் ஓலைக்குப் போகுமுன் மணலில்தான் எழுதினார்கள். வாயால் சொல்லிக்கொண்டே விரலால் எழுதுவது அக்கால முறை. 1789 முதல் 1796 வரை சென்னை எழும்பூரில் ஆண் அநாதைகள் இல்லத்தின் பொறுப்பாளராக இருந்த அன்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நாட்டுப் பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு தமது இல்லத்திலும் அதைப் புகுத்தினார். 1797இல் இங்கிலாந்தில் அதைப் பற்றி நூல் வெளியிட்டார். அதன்பின் அங்குள்ள ஏழைப் பிள்ளைகளின் பாடசாலைகளில் மணல் தட்டுகள் வந்தன. ‘மதராஸ் முறை’ என்றே அதற்குப் பெயர் வழங்கியது.

நம்மிடமிருந்து கடல் கடந்து போன மணல் அது. நாமோ விசயதசமியன்று ஏடு தொடக்கும்போது பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் ‘அ’ எழுத வைத்துவிட்டு, மறுநாளே அந்தக் கையில் பென்சிலையும் சதுரக் கோட்டுக் கொப்பியையும் திணிக்கிறோம். ஒரு நாள் சடங்காகச் செய்வதை ஒரு வருடம் பாடமாகச் செய்திருந்தால் எத்தனையோ பிள்ளைகள் தப்பியிருப்பார்கள்.

எழுத்தைப் பிள்ளைக்கு ஏற்றதாக்குவது தமிழுக்குப் புதிய வேலையும் அல்ல. எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் குழப்பமின்றி வேறுபடுத்தி எழுத வழி செய்தவர் என்று போற்றப்படும் வீரமாமுனிவர், தமிழைத் தாமே வளர்ந்த வயதில் கற்றவர். கற்பவனின் கஷ்டம் கற்றவருக்குத்தான் தெரியும்.

பாடம் எப்படி நடக்கும்?

ஒரு சுளகு, ஒரு பேணி மணல், கொஞ்சம் களிமண், ஒரு கைப்பிடி புளியங்கொட்டை, பழைய நாட்காட்டி மட்டைகளில் வெட்டிய எழுத்து அட்டைகள், தேவையானவை இவ்வளவுதான். மரவேலை செய்பவரிடம் மரம் தேய்க்கும் கடதாசித் துண்டுகளை வாங்கி எழுத்துக்களாக வெட்டி ஒட்டலாம்.

முதல் கிழமைக்கு ட, ப, ம என்ற மூன்று எழுத்துக்கள் போதும். ஆசிரியை ‘ம’ என்று ஒலிக்கிறார். பிள்ளை கேட்டுச் சொல்கிறது. உதடுகள் மூடுவதைக் கண்ணாடியில் பார்க்கிறது. மூக்கின் பக்கத்தில் விரலை வைத்து அதிர்வை உணர்கிறது. பிறகு ஒலித்துக்கொண்டே சொரசொரப்பான எழுத்தை இரண்டு விரல்களால் தடவுகிறது. மணலில் பெரிதாக எழுதுகிறது. கண்ணை மூடிக்கொண்டு காற்றில் எழுதுகிறது. புளியங்கொட்டையை வரிசையாக அடுக்கி எழுத்தாக்குகிறது. கடைசியாகத்தான் பென்சில். ஒவ்வொரு முறையும் வாய் ஒலிக்கவேண்டும். வாய் மூடியிருந்தால் அது சித்திரப் பாடமாகிவிடும்.

மூன்று எழுத்துக்களும் பிடிபட்டதும், மெய்க்குப் புள்ளி வைக்கும் விதத்தைக் காட்டி அட்டைகளைச் சேர்க்கவேண்டும்: படம், மடம், பட்டம். ஒவ்வோர் அசைக்கும் ஒரு கைதட்டல். பட்டம் ஏற்றத் தெரியாத பிள்ளை வடமராட்சியில் இல்லை. அந்தச் சொல்லைத் தானே எழுத்துக்கூட்டி வாசித்த நாளில் பிள்ளையின் முகத்தைப் பார்க்கவேண்டும். அடுத்து ‘கால்’ குறியைக் கற்பித்தால் பாடம், மாடம், பாட்டம். கற்பிக்காத எழுத்து எதுவும் சொல்லில் வரக்கூடாது. நேற்றுக் கற்றதை இன்று மீட்காமல் புதிய எழுத்துக்குப் போகக்கூடாது. ‘கொ’ போன்றவற்றைக் களிமண்ணில் செய்து, கொம்பையும் காலையும் பிள்ளையின் கையாலேயே ககரத்தின் இரு பக்கமும் பொருத்தச் செய்யவேண்டும். ல, ள, ழ மூன்றையும் ஒன்றாகக் கற்பிக்காமல், ஒன்று ஊறிய பிறகே மற்றதைத் தொடவேண்டும். ஐந்து பிள்ளைகள், நாளுக்கு இருபது நிமிடம், கிழமையில் ஐந்து நாள். ஒரு நாள் இரண்டு மணித்தியாலம் நடத்திவிட்டு மற்ற நாட்களில் விட்டுவிடுவதால் பயனில்லை.

வேறு மொழியின் பாடத்தை அப்படியே பெயர்த்து வைப்பதும் உதவாது. அமெரிக்காவில் ஸ்பானிய மொழி பேசும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு வாசிப்புக் கற்பிப்போர் இதை நன்கு உணர்ந்திருக்கிறார்கள். ஆங்கிலப் பாடங்களை மொழிபெயர்க்காமல், ஸ்பானியத்தின் ஐந்து உயிரொலிகளிலும் மா, மே, மீ, மோ, மூ என்ற அசைகளிலும் இருந்து அவர்கள் தொடங்குகிறார்கள். தாய்மொழியில் ஊன்றிய வாசிப்பு பிறகு இரண்டாம் மொழிக்கும் துணையாகிறது. ஆங்கில மோகத்தில் முன்பள்ளியிலேயே இரண்டு அரிவரிகளையும் ஒன்றாகப் புகட்டத் துடிக்கும் பெற்றோர் இதைக் கவனிக்கவேண்டும்.

சில எச்சரிக்கைகள்

நல்ல முறை என்பதற்காக மந்திரம் என்று சொல்லிவிடக் கூடாது. எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பை நேரடியாகவும் ஒழுங்குமுறையாகவும் கற்பித்தால் திணறும் பிள்ளை முன்னேறும் என்பதற்கு ஆய்வுகள் பலமாகச் சான்று தருகின்றன. மணலும் தடவலும் தனியாக எவ்வளவு கூட்டுகின்றன என்பதில் ஆய்வாளர்களிடையே ஒத்த கருத்து இல்லை. ஆகவே மணலைப் பரப்பிவிட்டு ஒழுங்கைக் கைவிட்டால் பயன் வராது. தோற்றுப் பழகிய பிள்ளையை மீண்டும் எழுத்தின் அருகே பயமின்றி இருத்துவதற்கு மணல் பெரிதும் உதவுகிறது என்பதே எமது கருத்து. மணலில் பிழைத்தால் ஒரு தடவலில் அழிந்துவிடும். சிவப்புக் கோடு மிஞ்சாது.

இன்னொன்று: ‘இவன் காதால் படிக்கிறவன், அவள் கண்ணால் படிக்கிறவள்’ என்று பிள்ளைகளை வகைபிரிக்கும் பழக்கம் சில பயிற்சிப் பட்டறைகளில் பரப்பப்பட்டது. அதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை. எல்லாப் பிள்ளைகளுக்கும் எல்லாப் புலன்களும் சேர்ந்தே வேண்டும்.

முதலில் கண்ணையும் காதையும் பரிசோதிக்கவேண்டும். பாடசாலை மருத்துவப் பரிசோதனை அதற்காகவே இருக்கிறது. கரும்பலகை தெரியாத பிள்ளைக்குக் கண்ணாடி கொடுக்காமல் மணலைக் கொடுப்பது முறையல்ல.

யார் செய்வது?

‘பாடத்திட்டத்தை முடிக்கவே நேரமில்லை’ என்பார்கள் ஆசிரியர்கள். அவர்கள் சுமையை நாம் அறிவோம். ஆனால் முப்பது பேரில் ஐந்து பேருக்கு விளங்காமலே முடிக்கப்படும் பாடத்திட்டம் யாருக்காக முடிக்கப்படுகிறது? ‘ரியூசனுக்கு அனுப்புங்கோ’ என்று பெற்றோருக்குப் புத்தி சொல்வோரும் உண்டு. கூலி வேலை செய்யும் தாயால் அது முடியாது. முடிந்தாலும், நூறு பேர் இருக்கும் கொட்டிலில் அந்தப் பிள்ளை இன்னுமொரு கடைசி வாங்கைத்தான் கண்டுபிடிப்பான். விசேட கல்வி அலகுக்குத் தள்ளிவிடுவதும் எல்லோருக்கும் ஏற்றதல்ல. 1994இல் ஸ்பெயினின் சலமன்கா நகரில் 92 அரசாங்கங்களின் பிரதிநிதிகள் கூடி, விசேட தேவையுள்ள பிள்ளையும் சாதாரண பாடசாலையிலேயே தனக்கேற்ற விதத்தில் கற்கும் உரிமை உடையது என்று பிரகடனம் செய்தார்கள். பிள்ளைக்கேற்பப் பாடசாலை மாறவேண்டும் என்பதே அதன் சாரம்.

ஆகவே நாம் சிலவற்றைக் கேட்கிறோம். அதிபர்கள் தமது பாடசாலையின் மிகத் திறமையான ஆசிரியரை உயர்தர வகுப்புக்கு மட்டும் ஒதுக்காமல் முதலாம், இரண்டாம் தரங்களுக்கும் விடவேண்டும். மூன்றாம் தர முடிவில் ஒவ்வொரு பிள்ளையையும் தனியே அழைத்து ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லிக் கேட்கவேண்டும். புள்ளி போடுவதற்காக அல்ல, யாருக்குக் கைகொடுக்கவேண்டும் என்று அறிவதற்காக. கோப்பாய் ஆசிரிய கலாசாலை, தேசிய கல்வியியற் கல்லூரி போன்ற நிறுவனங்களில் பயிலும் இளம் ஆசிரியர்கள், திணறும் பிள்ளை ஒருவரோடு ஒரு தவணை முழுவதும் அமர்ந்து எழுத்தறிவித்த அனுபவத்தோடு வெளியேற வழி செய்யவேண்டும்.

பாடசாலைக்கு வெளியே உள்ள நமக்கும் வேலை இருக்கிறது. வாசிகசாலைகளும் சனசமூக நிலையங்களும் பங்கு மண்டபங்களும் கோயில் மடங்களும் பின்னேரங்களில் பூட்டிக் கிடக்கின்றன. சாதாரண தரம் முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் யுவதிகள் எல்லாக் கிராமங்களிலும் இருக்கிறார்கள். இளைப்பாறிய ஆசிரியைகள் இருக்கிறார்கள். புலம்பெயர்ந்த உறவுகள் கோபுரத்துக்கும் பரிசளிப்பு விழாவுக்கும் பணம் அனுப்புகிறார்கள். அதில் ஒரு சிறு பங்கு இப்பிள்ளைகளோடு அமர்பவருக்குப் போக்குவரத்துச் செலவாகப் போகட்டும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளை வாசிக்காததற்கு அடிக்காதீர்கள். அக்காவோடும் அயல் வீட்டுப் பிள்ளையோடும் ஒப்பிடாதீர்கள். உங்களுக்கே எழுத்துத் தடுமாறினால் வெட்கப்படாமல் பிள்ளையின் பக்கத்தில் அமர்ந்து நீங்களும் மணலில் எழுதுங்கள். இருவரும் சேர்ந்து கற்கலாம்.

புதிய கட்டடமோ புதிய செயற்றிட்டமோ வரும்வரை காத்திருக்கவேண்டியதில்லை. இதை வாசிக்கும் ஒவ்வொருவரும் தம் ஒழுங்கையில் இருக்கும் ஒரு பிள்ளையையாவது அறிவார்கள். அடுத்த தவணை தொடங்கும்போது அப்பிள்ளைகளில் ஐந்து பேரை அழைத்து ஒரு பாயில் இருத்துங்கள். சுளகில் மணலைப் பரப்பி, ‘ப’ என்று நீங்கள் முதலில் ஒலியுங்கள்.